மலைமேல் அம்மா, அடிவாரத்தில் நான், நடுவில் ஒரு லைன்

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் சேர்வராயன் மலை முழுதாகத் தெரியும். ராத்திரியில் மலைப்பாதையில் இறங்கும் வண்டிகளின் விளக்கு ஒவ்வொரு வளைவிலும் மறைந்து மறைந்து வரும். வீடு சேலம் கன்னங்குறிச்சியில். அந்த மலைக்கு மேலே, ஏற்காட்டிலிருந்து நாகலூர் போகும் வழியில், அம்மா தனியாக இருக்கிறார். ஒன்றரை ஏக்கர் காப்பி, நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக் கொடி, அப்பா கட்டிய கல்வீடு. கீழே வந்துவிடச் சொல்லி எத்தனை முறை கூப்பிட்டாலும், "பழம் பழுக்கிற நேரத்துல நான் இல்லாட்டி யாரு கண்ணு பார்க்கறது?" என்பதுதான் பதில். அம்மாவுக்கு 74 வயது.

கண்ணுக்கு எதிரே தெரிகிற மலைதான். ஆனாலும் பஸ் பிடித்து, 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, ஏற்காட்டில் இறங்கி, அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்து அம்மா வீட்டுக்குப் போய்ச் சேர அரை நாள் ஆகிவிடும். அதனால் எங்கள் இருவருக்கும் போன்தான் பாதை. கடந்த சில வருடங்களில் அந்தப் பாதை பலமுறை அறுந்தது. ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்றைக் கற்றுக்கொண்டேன். மலையிலோ கிராமத்திலோ பெற்றவர்களை வைத்துக்கொண்டு ஊரில் இருப்பவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அம்மா வீட்டில் 04281 என்று ஆரம்பிக்கும் லேண்ட்லைன் பல வருடம் இருந்தது. மலையில் காற்றும் மழையும் வந்தால் முதலில் கரண்ட் போய்விடும், ஆனால் அந்த போன் மட்டும் அடிக்கும். அப்போது அதை யோசித்ததில்லை. தொலைபேசி நிலையத்தில் இருக்கும் பேட்டரியிலிருந்து சுமார் 48 வோல்ட், அந்தச் செம்புக் கம்பி வழியாகவே வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது என்பதைப் பிற்பாடு ஒரு டெக்னீஷியன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். வீட்டுக் கரண்டோடு அந்த போனுக்கு எந்தச் சம்பந்தமும் கிடையாது.

2022 மே மாதம், சேர்வராயன் கோயில் திருவிழா முடிந்த சில நாட்களில், பெரிய இடிமழை. மின்னல் கம்பியில் இறங்கி போனும் கருகிவிட்டது, கம்பியும் பல இடத்தில் போய்விட்டது. ஒன்பது நாள் அம்மாவின் குரலைக் கேட்கவில்லை. நான்காவது நாள் ஏற்காடு பஸ் கண்டக்டர் ஒருவரிடம் அம்மா ஒரு துண்டுச்சீட்டு கொடுத்தனுப்பியிருந்தார். "நல்லா இருக்கேன். போன்தான் சரியில்லை. மழை பேஞ்சது நல்லதாப் போச்சு." அந்தச் சீட்டை இன்னும் வைத்திருக்கிறேன். மின்னலுக்கு யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரே ஒரு லைனை நம்பி அம்மாவை அங்கே விட்டிருந்தது என் தவறு என்று அன்றைக்குப் பட்டது.

அடுத்து செல்போன். அம்மாவிடம் ஏற்கெனவே ஒரு சிம் இருந்தது, வீட்டுக்குள் சிக்னல் வராது. தோட்டத்து மேட்டில் இருக்கும் பாறைமேல் ஏறி நின்றால் வரும். அந்த வயதில் மழை ஈரத்தில் பாறை ஏறச் சொல்ல முடியுமா? ஏற்காடு ஒண்டிக்கடை பக்கம் குடை போட்டு சிம் விற்ற ஒரு பையன், "எங்க கம்பெனிக்கு மாத்திக்கங்க அக்கா, நாகலூர் வரைக்கும் ஃபுல் சிக்னல்" என்றான். அங்கே நின்று பார்த்தபோது நான்கு கோடும் நிறைந்திருந்தது. நம்பி, எண் மாற்றாமல் அப்படியே போர்ட் செய்துவிட்டோம். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் பழைய சிம்முக்கு இருந்த பாறைச் சிக்னல்கூட இல்லை.

காரணம் எளிது. டவருக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு மலைமுகடு இருந்தால், இரண்டு கிலோமீட்டர் தூரம்கூட இருபது கிலோமீட்டர்போல ஆகிவிடும். எந்த கம்பெனியின் டவர் எந்தச் சரிவில் நிற்கிறது என்பதைப் பொறுத்து ஒரு தெருவில் கிடைப்பது அடுத்த தெருவில் கிடைக்காது. திரும்ப மாற்றிவிடலாம் என்று பார்த்தால், ஒருமுறை போர்ட் செய்த எண்ணை 90 நாள் கழித்துத்தான் மறுபடி போர்ட் செய்யலாம் என்பது விதி. மூன்று மாதம் அம்மா ஒரு பயனும் இல்லாத சிம்மை வைத்துக்கொண்டிருந்தார்.

ஆகவே போர்ட் செய்யும் முன் இதைச் செய்யுங்கள். நீங்கள் மாறப்போகிற கம்பெனியின் சிம் வைத்திருக்கும் உறவினரையோ பக்கத்து வீட்டாரையோ ஒரு நாள் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். சமையலறை, படுக்கை அறை, தோட்டம் என்று ஒவ்வொரு இடத்திலும் நின்று பேசிப் பாருங்கள். காலையில் ஒருமுறை, ராத்திரி எட்டு மணிக்கு ஒருமுறை. சனி ஞாயிறில் ஏற்காடு முழுக்கச் சுற்றுலாக் கூட்டம், ஒரே டவரில் ஆயிரக்கணக்கான போன்கள் தொங்கும், அதனால் ஞாயிற்றுக்கிழமை மாலையும் பாருங்கள். கம்பெனிகள் எந்தெந்த இடத்தில் சேவை இருக்கிறது என்ற வரைபடத்தைத் தங்கள் இணையதளத்தில் போட வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 விதிகளில் சொல்லியிருக்கிறது. அதையும் பார்க்கலாம், ஆனால் கல்சுவருக்குள் என்ன வரும் என்பதை அந்த வரைபடம் சொல்லாது. நேரில் பார்ப்பதற்கு ஈடில்லை.

எல்லாம் சரியாக இருந்தால் போர்ட் செய்வது இப்போது சுலபம். போர்ட் என்று ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு, உங்கள் எண்ணையும் அடித்து 1900க்கு அனுப்பினால் ஒரு குறியீடு வரும். அதற்கு நான்கு நாள் ஆயுள். தமிழ்நாட்டுக்குள்ளேயே மாறுவதென்றால் மூன்று வேலை நாளில் முடிந்துவிட வேண்டும். பழைய சிம்மில் மிச்சமிருக்கும் பணமும் டேட்டாவும் போய்விடும், அதனால் ரீசார்ஜ் முடிகிற வாரத்தில் செய்வது நல்லது. போஸ்ட்பெய்டாக இருந்தால் பழைய பில்லைக் கட்டி முடித்த பிறகே அனுப்புங்கள், பாக்கி இருந்தால் நிராகரித்துவிடுவார்கள்.

அந்தக் குடைக்கடையில் இன்னொன்றும் நடந்தது. அம்மாவின் விரல் ரேகை பதியவில்லை என்று இரண்டு முறை வைக்கச் சொன்னார்கள். தோட்ட வேலை செய்த கை, தேய்ந்துபோன ரேகை, உண்மையாகவே பதியாமல் இருந்திருக்கலாம். ஆனால் ஒரு வருடம் கழித்து, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அம்மா எண்ணைப் போட்டுப் பார்த்தபோது, அவர் பெயரில் நாங்கள் வாங்காத ஒரு எண் இருந்தது. யார் எடுத்தது என்று என்னால் சொல்ல முடியாது. அது எங்களுடையது இல்லை என்று அந்தத் தளத்திலேயே பதிவு செய்தோம், பிறகு நிறுத்திவிட்டார்கள். ஒருவர் பெயரில் ஒன்பது இணைப்பு வரை இருக்கலாம் என்பது வரம்பு, அதனால் கூடுதலாக ஒன்று சேர்ந்தால் தானாகத் தெரியவராது. உங்கள் அப்பா அம்மா எண்ணை இன்றைக்கே பாருங்கள், இரண்டு நிமிட வேலை. ரேகையை இரண்டாவது முறை கேட்டால், முதல் முறை ஏன் போகவில்லை என்பதைத் திரையில் காட்டச் சொல்லுங்கள்.

2023இல் அந்தப் பக்கம் ஃபைபர் இணையம் வந்தது. கரண்ட் கம்பங்கள் வழியாகவே கறுப்பு வயரை இழுத்துக்கொண்டு வந்தார்கள். கேட்டவுடன் வாங்கிவிட்டேன். அம்மாவுக்கு வீடியோவில் பேரப்பிள்ளைகளைப் பார்க்கலாம், எனக்கு நிம்மதி. மூன்று வாரம் நன்றாக இருந்தது. அப்புறம் தினமும் மாலையில் இணைப்பு அறுந்தது, காலையில் தானாக வந்தது. புகார் கொடுத்தால் காலையில்தான் ஆள் வருவார், அப்போது எல்லாம் சரியாக இருக்கும். "நெட் நல்லாத்தானே இருக்குதுங்கம்மா" என்று போய்விடுவார்.

நான்காவது முறை வந்த பையன் கொஞ்சம் பொறுமைசாலி. வயரில் வெளிச்சம் எவ்வளவு வருகிறது என்று காட்டும் பவர் மீட்டரை மாட்டிப் பார்த்தான். மைனஸ் 26 காட்டியது. "இது ஓரத்துல நிக்குதுங்க. மைனஸ் 27 தாண்டினா பாக்ஸ் வெளிச்சத்தைப் பிடிக்காது" என்றான். வயர் வீட்டுக்குள் நுழையும் வழியைத் தடவிக்கொண்டே வந்தான். ஜன்னல் சட்டத்து மூலையில் வயர் மடங்கியிருந்தது. அம்மா மாலையில் பனி உள்ளே வராமல் ஜன்னலைச் சாத்துவார், கதவு அந்த மடிப்பை இன்னும் நசுக்கும். ஃபைபர் என்பது கண்ணாடி இழை, வெளிச்சம் அதில் ஓடுகிறது, கூர்மையாக மடங்கினால் வெளிச்சம் வெளியே கசிந்துவிடும். காலையில் ஜன்னலைத் திறந்தால் மடிப்பு தளர்ந்து மறுபடி உயிர் வரும். சுவரில் சின்னத் துளை போட்டு வயரை வட்டமாகச் சுற்றி உள்ளே விட்டான். மீட்டர் மைனஸ் 21 காட்டியது. இரண்டு மாதத் தொல்லை பத்து நிமிடத்தில் போனது. அம்மா அவனுக்கு ஒரு படி மிளகு கட்டிக்கொடுத்தார். "வேண்டாங்கம்மா" என்றவன், "என் மருமவளுக்குக் குடுப்பியா, இல்லையா?" என்று அம்மா கேட்டதும் வாங்கிக்கொண்டான்.

அவனிடமிருந்துதான் விளக்கு பார்க்கக் கற்றேன். எங்கள் எல்லோர் வீட்டிலும் அந்த வெள்ளைப் பெட்டி இருக்கிறது, அதன் முகத்தில் உள்ள விளக்கைப் படிக்கத் தெரிந்தால் பாதிச் சண்டை இல்லை. எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தாலோ மினுக்கினாலோ, வெளிச்சம் வீட்டுக்கு வந்து சேரவில்லை. வயர் அறுந்திருக்கிறது, மடங்கியிருக்கிறது, அல்லது கனெக்டர் தளர்ந்திருக்கிறது. நீங்கள் பெட்டியை நூறு முறை அணைத்துப் போட்டாலும் வராது, ஆள்தான் வர வேண்டும். சிவப்பு இல்லாமல், பான் என்ற விளக்கு பச்சையாக நிலையாக இருந்து, ஆனாலும் இணையம் வரவில்லை என்றால் வயர் நன்றாக இருக்கிறது. பில் பாக்கி, லாகின், அல்லது கம்பெனி பக்கத்துக் கோளாறு. அது அவர்கள் அலுவலகத்திலிருந்தே சரியாகக்கூடியது. இரண்டும் சரி, பெட்டிக்குப் பக்கத்தில் வேகம் வருகிறது, பின்னறையில் வரவில்லை என்றால் அது வீட்டு வைஃபை. 2.4 என்று ஒரு அலை, 5 என்று ஒரு அலை. 5 வேகமானது, சுவர் தாண்டாது. 2.4 மெதுவானது, ஒன்றிரண்டு சுவர் தாண்டும். அம்மா வீட்டுக் கல்சுவர் முக்கால் முழ அகலம். பெட்டியை அலமாரிக்குள்ளிருந்து எடுத்து நடுக்கூடத்து உத்தரத்துக்குக் கீழே மாட்டினேன், அம்மாவின் போனை 2.4இல் வைத்தேன், போதுமானதாக இருக்கிறது.

புகார் சொல்லும்போது "நெட் வரலைங்க" என்று சொன்னால் எதிர்முனையில் இருப்பவர் பெட்டியை அணைத்துப் போடச் சொல்வதில் ஆரம்பிப்பார். "எல்ஓஎஸ் சிவப்பு, பான் அணைஞ்சிருக்கு, மின்சாரம் இருக்கு, காலை 7 மணியிலிருந்து" என்று சொல்லிப் பாருங்கள். நேராக லைன்மேன் புகாராக எழுதிக்கொள்வார்கள். நான் இப்படிப் பேச ஆரம்பித்த பிறகு ஒரு அழைப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டியதில்லை.

ஃபைபர் வந்ததில் ஒரு விஷயத்தை நான் கவனிக்கத் தவறிவிட்டேன். கண்ணாடி இழையில் கரண்ட் வராது. பழைய செம்புக் கம்பி போன் கரண்ட் போனாலும் அடித்தது, இந்தப் பெட்டியோ கரண்ட் போன நொடியில் செத்துவிடும். மலையில் மரம் விழுந்தால் ஒரு ராத்திரி முழுக்கக் கரண்ட் இருக்காது. அதாவது, எந்த ராத்திரியில் அம்மாவோடு பேச வேண்டுமோ அந்த ராத்திரியில் லைன் இல்லை. புதிய வசதி பழையதைவிட நல்லதாகத்தான் இருக்கும் என்று நினைத்துப் பழைய லேண்ட்லைனை விட்டது எனக்கு இன்னும் வருத்தம்.

இதற்கு வழி இருக்கிறது. ரூட்டர் என்கிற அந்தப் பெட்டிக்கென்றே சின்ன யூபிஎஸ் விற்கிறார்கள். உங்கள் பெட்டியோடு வந்த அடாப்டரின் அடியில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருக்கும், பெரும்பாலும் 12 வோல்ட். அதே வோல்ட், அதே அளவு அல்லது கூடுதலான ஆம்பியர் தரும் யூபிஎஸ்ஸாக வாங்குங்கள். எங்களுடையது புதிதில் நான்கு மணி நேரம் தாங்கியது. இரண்டு வருடத்தில் பேட்டரி தளர்ந்து ஒன்றரை மணி நேரமாகிவிட்டது, மாற்ற வேண்டியிருந்தது.

அடுத்தது வைஃபை காலிங். இது தெரியாமல் எத்தனை பேர் மொட்டைமாடிக்கும் பாறைக்கும் ஏறிக்கொண்டிருக்கிறார்கள்! டவர் சிக்னலே இல்லாத வீட்டிலும், வைஃபை இருந்தால், உங்கள் அதே எண்ணிலிருந்து சாதாரண அழைப்பு பேசலாம், வாங்கலாம். தனி செயலி வேண்டாம், உங்கள் ரீசார்ஜ் திட்டத்திலேயே அடங்கும். போனும் கம்பெனியும் இரண்டும் அதை ஆதரிக்க வேண்டும், அவ்வளவுதான். போன் அமைப்புகளில் சிம் பகுதிக்குப் போய்ப் பார்த்தால் இருக்கும். அம்மாவுக்குப் பட்டன் போனை விட்டு ஒரு எளிய ஸ்மார்ட்போன் வாங்கிக்கொடுத்து இதைப் போட்டுவிட்ட அன்று, அவர் அடுப்படியில் நின்றுகொண்டே என்னைக் கூப்பிட்டார். "கண்ணு, நான் பாறைக்குப் போகலை. சாம்பார் கொதிக்குது, கேக்குதா?" கேட்டது.

இனி கீழே, என் வீட்டுக் கதை. நான் வீட்டிலிருந்து கணக்கு எழுதுகிறேன். சிவதாபுரம், பனங்காடு பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு ஜிஎஸ்டி தாக்கல் செய்வதுதான் பிழைப்பு. ஒவ்வொரு மாதமும் 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் எனக்குப் பரீட்சை.

ஒரு மாதம் 18ஆம் தேதி எங்கள் தெருவில் சாக்கடைக்குக் குழி தோண்டியவர்கள் ஃபைபரையும் சேர்த்து அறுத்துவிட்டார்கள். புகார் கொடுத்தேன். மறுநாள் மதியம் "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வந்தது. பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. யாரும் வந்து பார்க்கவே இல்லை. கோபத்தில் கத்தினேன். எதிர்முனையில் இருந்த பெண் புதுப் புகார் எழுதிக்கொண்டார், மறுபடி முதலிலிருந்து கணக்கு ஆரம்பித்தது. என் தவறு என்னவென்றால், புதுப் புகாருக்கு ஒப்புக்கொண்டதுதான். பழைய புகார் எண்ணைச் சொல்லி, "இது தீரவில்லை, இதையே மறுபடி திறங்கள்" என்று கேட்டிருக்க வேண்டும். புதுப் புகார் எழுதினால் பழையது அவர்கள் கணக்கில் தீர்ந்த ஒன்றாகவே நிற்கும், தாமதம் எங்கும் பதிவாகாது.

அன்றிலிருந்து ஒரு 40 பக்க நோட்டைப் பெட்டிக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கவிட்டிருக்கிறேன். தேதி, நேரம், எந்த விளக்கு என்ன நிறம், புகார் எண், பேசியவர் பெயர், என்ன சொன்னார். சிவப்பு விளக்கைப் போட்டோ எடுத்து, அதே புகார் எண்ணைப் போட்டு அவர்களுக்கு மின்னஞ்சலும் அனுப்பிவிடுவேன். புகார் எண் தராமல் எந்த நிறுவனமும் போனை வைக்கக் கூடாது என்பது 2012ஆம் வருட விதி. அந்த நிறுவன சிம்மிலிருந்து 198ஐ அழைத்தால் புகார்ப் பிரிவு வரும். அடுத்த முறை ஆறு நாள் லைன் இல்லாதபோது, நோட்டைப் பார்த்து எழுதி வாடகையில் கழிவு கேட்டேன். மூன்று நாளுக்கு மேல் பழுது நீடித்தால் கழிவு தர வேண்டும் என்று விதி இருக்கிறது. அடுத்த பில்லில் ஏழு நாள் வாடகை குறைந்திருந்தது. நான் கேட்டிராவிட்டால் வந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

இதைவிடப் பெரிய பாடம் வேறு ஒரு கம்பெனியோடு. முன்பு அஸ்தம்பட்டி பக்கம் வாடகை வீட்டில் இருந்தோம். காலி செய்யும்போது அங்கிருந்த இணைப்பை நிறுத்தச் சொல்லி போனில் சொன்னேன். "ஆயிடுச்சு மேடம்" என்றார்கள். ஒரு பையன் வந்து பெட்டியை எடுத்துக்கொண்டு போனான், ரசீது கேட்கத் தோன்றவில்லை. மூன்று மாதம் பில் வந்தது. அப்புறம் வசூல் ஆட்கள் கூப்பிட ஆரம்பித்தார்கள். காலை ஏழு மணிக்கு ஒரு அழைப்பு, ராத்திரி ஒன்பதுக்கு ஒன்று, வக்கீல் நோட்டீஸ் வரும் என்றார்கள். தப்பே செய்யாமல் பயந்துகொண்டு இருந்த நாட்கள் அவை. போன் அடித்தாலே வயிறு கலங்கும்.

நல்லவேளையாக, போனில் சொன்ன அன்றே என் கணவர் வற்புறுத்தி ஒரு வரி மின்னஞ்சலும் அனுப்ப வைத்திருந்தார். "இந்தத் தேதியிலிருந்து இணைப்பு வேண்டாம், வைப்புத்தொகையைத் திருப்பித் தரவும்." அந்த ஒரு வரிதான் எங்களைக் காப்பாற்றியது. புகார் கொடுத்தேன், பணம் கட்டச் சொல்லி முடித்துவிட்டார்கள். அதற்கு மேல் ஒரு படி இருப்பதே பலருக்குத் தெரியாது. ஒவ்வொரு நிறுவனத்திலும் மேல்முறையீட்டு அதிகாரி இருக்க வேண்டும். புகாரின் முடிவு பிடிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள் அவரிடம் போகலாம், கட்டணம் இல்லை, 39 நாளில் அவர் முடிவு சொல்ல வேண்டும். நிறுவனத்தின் இணையதளத்தில் அதற்கான பக்கம் இருக்கும். மின்னஞ்சலையும் புகார் எண்ணையும் இணைத்து அரைப் பக்கம் எழுதினேன். 31ஆம் நாள் பில் ரத்தாகி, வைப்புத்தொகையும் வந்தது.

டிராயிலேயே நேராகப் புகார் கொடுக்கலாமே என்று கேட்பார்கள். டிராய் விதி போடும் அமைப்பு, தனிநபர் வழக்கை விசாரிக்கும் அதிகாரம் அதற்கில்லை. மேல்முறையீட்டிலும் நியாயம் கிடைக்காவிட்டால் தொலைத்தொடர்புத் துறையின் குறைதீர் பிரிவுக்குப் போகலாம், எண் 1063. நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கு மேல் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, சேலத்திலேயே இருக்கிறது. தொலைபேசி வழக்குகளை நுகர்வோர் மன்றம் எடுக்க முடியாது என்று 2009இல் வந்த ஒரு தீர்ப்பைக் காட்டி முன்பெல்லாம் திருப்பி அனுப்புவார்கள். 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தக் குழப்பத்தைத் தீர்த்து, நுகர்வோர் தாராளமாகப் போகலாம் என்று சொல்லிவிட்டது. நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட ஆணையத்தில் கட்டணமும் கிடையாது. நான் அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கவில்லை. ஆனால் மேல்முறையீட்டுக் கடிதத்தின் கடைசி வரியாக, அடுத்து அங்கே போவேன் என்று எழுதியிருந்தேன்.

பட்டறைக்காரர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. பனங்காட்டில் எனக்குக் கணக்கு எழுதக் கொடுக்கும் ஒரு அண்ணனின் போன், கொலுசு அலசும் தொட்டியில் விழுந்துவிட்டது. 19ஆம் தேதி மாலை கடைக்குப் போய் அதே எண்ணுக்குப் புது சிம் வாங்கினார். போன் பேச முடிந்தது. 20ஆம் தேதி காலை வரி கட்ட நெட்பேங்கிங்கில் உட்கார்ந்தால் ஓடிபி வரவில்லை. வங்கியைத் திட்டினார், என்னைத் திட்டினார். சிம் மாற்றினால் முதல் 24 மணி நேரத்துக்குக் குறுஞ்செய்தி வராது, போகாது. திருடர்கள் நம் எண்ணுக்குப் போலி சிம் எடுத்து வங்கிக் கணக்கைத் துடைப்பதைத் தடுக்க 2022 நவம்பரில் தொலைத்தொடர்புத் துறை கொண்டுவந்த ஏற்பாடு அது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கடையில் யாரும் அவரிடம் அதைச் சொல்லவில்லை. கடைசியில் நெஃப்ட் சலான் எடுத்து, காசோலையோடு அவரை வங்கிக்கு ஓடவிட்டு, தாக்கலுக்கான ஓடிபியை மின்னஞ்சலில் பிடித்து முடித்தோம். தவறியிருந்தால் நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், வரிக்கு வருடம் 18 சதவீத வட்டி. கெடு நாளுக்கு முந்தின நாள் சிம் மாற்றாதீர்கள். வேறு வழியில்லாமல் மாற்றினால் அந்த 24 மணி நேரத்தைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவின் ரீசார்ஜ் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 28 நாள் திட்டம் போட்டால் வருடத்துக்கு 13 முறை ரீசார்ஜ். வீட்டில் வைஃபை வந்த பிறகு அம்மாவுக்கு சிம்மில் டேட்டாவே வேண்டாம், ஆனாலும் டேட்டாவோடு சேர்ந்த திட்டத்தைத்தான் கடையில் போட்டுவிட்டுக்கொண்டிருந்தார்கள். பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் உள்ள திட்டம் எல்லா நிறுவனமும் தர வேண்டும், 365 நாள் வரை ஆயுள் வைக்கலாம் என்று டிராய் 2024 டிசம்பரில் திருத்தம் கொண்டுவந்தது. கடையில் கேட்டபோது அப்படி ஒன்று இல்லை என்றார்கள். நிறுவனத்தின் செயலியில் தேடி நானே எடுத்துப் போட்டேன். இன்னொரு முறை தினமும் அம்மா கணக்கிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் போய்க்கொண்டிருந்தது. கேட்காமலே ஏதோ பாட்டுச் சேவை ஏறியிருந்தது. 155223க்கு அழைத்து நிறுத்தினேன். வாடிக்கையாளர் இரண்டு முறை சம்மதம் சொல்லாமல் அப்படி எதையும் ஏற்றக் கூடாது என்று 2013லேயே விதி இருக்கிறது. பெரியவர்கள் போனில் மாதம் ஒருமுறை கணக்குப் பாருங்கள். "பத்து ரூபாய்தானே" என்று அவர்கள் விட்டுவிடுவார்கள், ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

அம்மா வீட்டிலும் ஒரு நோட்டு தொங்குகிறது. அதில் அம்மாவின் கையெழுத்தில், "சிவப்பு 3 மணி. கூப்பிட்டேன். நாளைக்கு வரேன்னான்" என்று இருக்கும். நான் சொல்லிக்கொடுத்ததைவிட அவர் நன்றாகவே எழுதுகிறார். கூடவே மழை எத்தனை மணிக்கு வந்தது என்றும் குறித்து வைக்கிறார். அதைப் பார்த்துத்தான், காற்றடித்தால் கம்பத்திலிருந்து பெட்டி வரை உள்ள வயர் ஒரு கிளையில் உரசுகிறது என்பதை லைன்மேன் கண்டுபிடித்தார்.

ஃபைபரில் மின்னல் இறங்காது, ஆனால் அடாப்டர் வழியாக இறங்கிப் பெட்டியைக் கருக்கும். அதனால் இடி கேட்டால் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். போன வாரம் மாலை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். மலைமேல் மேகம் இறங்கிக் கறுத்திருந்தது. போன் அடித்தது.

"கண்ணு, வெட்டு வெட்டுன்னு வெட்டுது. பொட்டியோட வயரைக் கழட்டப் போறேன். அரை மணி நேரம் என் போன் வராது, பயந்துக்காதே. மழை விட்டதும் நானே கூப்பிடுறேன்."

சரி என்றேன். நாற்பது நிமிடம் கழித்துக் கூப்பிட்டார்.